மலைக்கான எண்

இந்த வருடம் ஜவ்வாது மலையில் புளி நன்றாகக் காய்த்திருந்தது, ஐயா.

நான் இங்கே கணக்கு வாத்தியார். போன வருடம், எண்பத்தாறில், குவைத்திலிருந்து வந்த அண்ணன் டிவியில் பொருத்தும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தான். அதில் ஒரு விளையாட்டு எழுதினேன். ஒருவன் புளிய மரமேறி உலுக்குவான். கிளை உடைந்தால் விழுவான். விழுவது எப்படி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எடை, வேகம், தரையில் பட்டால் எவ்வளவு எழும்பும், எல்லாக் கணக்கும் நானே எழுதினேன்.

அக்காள் கணவர் ராஜாக்கண்ணு தினமும் பார்க்க வருவார். மலையில் அவரைப் போல் புளி உலுக்க ஆள் இல்லை. அவர் சரி என்று சொன்னால்தான் விளையாட்டு முடிந்தது என்று வைத்திருந்தேன்.

"இன்னா மச்சான், மனுசன் வுழுற மாதிரியா கீது? பஞ்சு மூட்டை எறங்குது."

புவியீர்ப்புக்குப் புத்தகத்தில் இருந்த ஒன்பது புள்ளி எட்டைத்தான் போட்டிருந்தேன். யோசித்தேன். புத்தகம் சமவெளியில் அச்சானது. மலைக்கு வேறு எண் இருக்க வேண்டும். மரத்திலிருந்து பூசணிக்காய் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"பூசணிக்காயும் நானும் ஒண்ணாடா?" என்று சிரித்தார்.

அது நியாயமான கேள்வி.

அவர் எப்போதும் மூன்றாவது கிளையில் நின்றுதான் உலுக்குவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதன் அடியில் முக்கால் பங்கு அறுத்தேன். மறுநாள் பள்ளி விளையாட்டு விழாவின் ஸ்டாப்வாட்சை எடுத்துப் போனேன். புளி பொறுக்கும் பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அவர் விழுந்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓடினேன். இடுப்பெலும்பும் ஒரு காலும் போயிருந்தன. அவர் எழும்பவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன்.

பள்ளி அளவுகோலால் உயரத்தை அளந்து கணக்குப் போட்டேன். ஒன்பது புள்ளி எட்டு வந்தது. அப்போதுதான் பார்த்தேன்: புத்தகத்தின் எண் மீட்டரில், விளையாட்டில் மரத்தின் உயரத்தை நான் அடிக்கணக்கில் எழுதியிருந்தேன். ஒரு வரி திருத்தம்.

ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு டிவியையும் கம்ப்யூட்டரையும் ஜீப்பில் கொண்டுபோனேன். மாமா படுத்தபடி பார்த்தார்.

"இப்ப சரியா வுழுறான் மச்சான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன்.

"அந்தக் கிளையில இன்னாது, வெள்ளையா ஒரு கோடு?"

"வெட்டு, மாமா."

அவர் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காளைக் கூப்பிட்டு, "வடிவு, போலீஸ கூட்டியா," என்றார்.

அந்த வெள்ளைக் கோட்டை ஏன் போட்டாய் என்று கேட்கிறீர்கள். போடாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, உண்மைதான். ஆனால் என் கணக்குப்படி, வெட்டு இல்லாத கிளை அவர் எடையைத் தாங்கும். தாங்கும் கிளையை உடைத்து ஒரு மனிதனை விழ வைப்பது அநியாயம், ஐயா. அது என்னால் ஆகாது.