சராசரி உடம்பு

சட்டைப் பொத்தான் தெறித்தால் கோளாறு நூலில்தான். இதை என் மனைவியிடம் பலமுறை பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் நூலை விட்டுவிட்டு என் வயிற்றையே பார்ப்பாள்.

நீங்கள் என்னைப் பிடித்துவைத்து விசாரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஸ்கேன் எடுப்பவன் நான். ஆள் உள்ளே படுத்தால் போதும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று திரை நிறம் பிரித்துக் காட்டிவிடும். தானாக ஓடும் கார்களுக்காக நடக்கும் ஆராய்ச்சி இது. இருக்கையில் இருப்பது எப்படிப்பட்ட உடம்பு என்று தெரிந்தால்தான், பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது, பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்று கார் முடிவு செய்யும். அதற்காகப் பலதரப்பட்டவர்களைப் படம் பிடித்துக் காருக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

அந்தச் சமயம் வீட்டில் என் சோற்றில் மண் விழுந்திருந்தது. இரண்டாம் தடவை பரிமாறுவதை மனைவி நிறுத்திவிட்டாள். விடிந்ததும் நடக்கப் போக வேண்டும் என்றாள். எல்லாம் என் சகலை செய்த வேலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், ஊதினால் பறந்துவிடுவார். வரும்போதெல்லாம் என் வயிற்றைத் தட்டி, "சகலை, உள்ள யாரு குடியிருக்கா?" என்பார்.

"எல்லாருக்கும் இருக்கிற அளவுதான் எனக்கும் இருக்கு" என்றேன் மனைவியிடம்.

"அப்படின்னு உங்க மெஷின் சொல்லட்டுங்க. அன்னைக்கே ரெண்டாந்தரம் போடுறேன்."

நியாயமான பேச்சு. மறுநாளே என்னைப் படம் எடுத்து, அதுவரை எடுத்தவர்களின் சராசரியோடு ஒப்பிட்டேன். அது என்னைவிட்டு வெகுதூரம் தள்ளி இருந்தது. என்னை நகர்த்துவது சிரமம். ஆகவே சராசரியை நகர்த்தினேன்.

இருப்பதிலேயே ஒல்லியானவரை முதலில் நீக்கினேன். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டார் என்று ஆய்வுக்குத் தலைமை தாங்கும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நம்பினார். பிறகு அவருக்கு அடுத்த ஒல்லி. அவரும் அசைந்துவிட்டார். ஒருவரை எடுத்தால் இன்னொருவர் துருத்திக்கொண்டு தெரிகிறார். நான் என்ன செய்ய? கடைசியில் என்னைப் போன்றவர்கள் மட்டும் மிஞ்சினோம். நட்டநடுவில் நான். மனைவியைக் கூட்டிவந்து திரையைக் காட்டினேன். அன்று அவள் இரண்டாம் தடவையும் பரிமாறினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோதனை ஓட்டத்துக்கு ஆள் கேட்டார்கள். சகலை முந்திக்கொண்டு ஏறினார். மனித உடம்பென்றால் என்னுடையது போலத்தான் இருக்கும் என்று கற்றிருந்த கார், அவரைச் சாமான் என்று எடுத்துக்கொண்டது. பெல்ட் போடவில்லை.

"யோவ், நான் ஆளுய்யா, மூட்டை இல்ல!" என்று அவர் போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது.

மூட்டைக்கு உரிய மரியாதையோடு வளைவுகளில் திரும்பி, கிடங்கு வாசலில் பிரேக் போட்டு, கதவைத் திறந்து, இருக்கையைச் சாய்த்து அவரைக் கொட்டியது. ஒரு கால்தான் முறிந்தது. மற்றது நன்றாக இருப்பதை யாரும் பேசுவதில்லை.

ஆமாம், நீக்கிய படங்கள் பத்திரமாக என்னிடம்தான் இருக்கின்றன. சில கார்கள் ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டன, படங்களைக் கொடுத்தால் இங்கிருந்தபடியே இப்போதே திருத்திவிடலாம் என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் அவற்றைச் சேர்த்தால் நான் மறுபடியும் குண்டனாகிவிடுவேன். உங்களுக்கு அது சின்ன விஷயம். சாப்பிட உட்காருகிறவன் நான்.

என்னைப் பார்க்க மனைவி அப்படியொரு காரில்தான் கிளம்பி வந்துகொண்டிருக்கிறாள் என்றும் சொல்கிறீர்கள். அவளும் என் சகலையைப் போல ஈர்க்குச்சிதான். அதுதான் எனக்குக் கவலை. இவ்வளவு ஒல்லியாக இருந்தால் ஒரு பெண் எப்படித்தான் பத்திரமாக வந்து சேர்வாள், சொல்லுங்கள்.