இரண்டு வீட்டு மணி

— அம்மாவோட மணி பட்டன் என் தலையணைக்கு அடியில இருந்துச்சு. அதுக்குள்ள இருந்த பேட்டரியைக் கழட்டிச் சமையலறையில வெச்சிருந்தேன். அம்மா நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க. அப்படியும் நேத்து ராத்திரி மணி அடிச்சுதுடா.

— இரு இரு. பேட்டரியே இல்லாத பட்டனை யாரு அழுத்துறதுக்கா?

— அதைத்தான் உன்கிட்ட கேக்குறேன். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவன் நீதானே.

— ஒரு வேளை கனவா இருக்குமோ?

— கனவு வரணும்னா முதல்ல தூங்கணும்.

— சரி, கோபப்படாத. நீயும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்க, எனக்கும் சாப்பாட்டு நேரந்தான், நிதானமாவே பேசலாம். மணியை எங்க மாட்டியிருக்க?

— என் கட்டிலுக்குப் பக்கத்துல, சுவத்து பிளக்ல. அம்மா கையில பட்டன். அவங்க அழுத்தினா என் காதுகிட்ட குருவி மாதிரி கத்தும். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அம்மாவுக்குக் குரல் எழும்பலை, கூப்பிட முடியாதுன்னுதானே இதை வாங்கினேன்.

— கரண்ட் ஏறி இறங்கினா சில மணி தானாவே கத்தும். பாத்தியா?

— விளக்கு துளிகூட மங்கலை. பாத்தேன்.

— ஈரம்?

— சுவரைத் தடவிப் பாத்தேன். மணியைக் கழட்டி ஆட்டிப் பாத்தேன். அதுகிட்ட பேசியும் பாத்தேன், உனக்கு என்னதான் வேணும்னு. அந்த நேரத்துல வேற யாருகிட்டடா பேசுறது? உன் போன் பத்து மணிக்கு மேல அணைஞ்சுடும்.

— விடியக்காலையில வேலைக்குப் போகணும்க்கா.

— எனக்கும் வேலை இருக்கு. நேத்துக் கடையில ஒருத்தருக்கு இடது கண்ணு லென்சை வலது பக்கம் மாட்டிக் குடுத்துட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த மனுஷன் படி எங்க இருக்குன்னு காலால தடவினாரு. முதலாளி ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் பயமா இருக்கு.

— அம்மாவே தூக்கத்துல அழுத்தியிருந்தா?

— முதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். சும்மா சும்மா எதுக்கும்மா அழுத்துறேன்னு சத்தம் போட்டுட்டேன். இடது கையை ஆட்டி இல்லை இல்லைன்னாங்க. நான் நம்பலை.

— அப்புறம்?

— அப்புறம் பட்டனைத் தொடுறதையே விட்டுட்டாங்க. ஒரு நாள் காலையில போய்ப் பாத்தா துணியெல்லாம் நனைஞ்சு கிடக்கு, பட்டன் மெத்தைக்கு அடியில சொருகியிருக்கு. என்னை எழுப்பக் கூடாதுன்னு ராத்திரி முழுக்க அப்படியே படுத்திருந்திருக்காங்க.

— இப்ப என்னக்கா பண்ணப் போற?

— முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியாகுதாம். இந்த வாரக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு சொல்லப் போறேன். பேசவும் முடியாம, மணி அடிக்கவும் பயந்துக்கிட்டு இங்க கிடக்கிறதுக்கு, அங்க ராத்திரி முழிச்சிருக்க ஒரு ஆளாவது இருக்கும்.

— அம்மாவை இல்லத்துல விடறதா? அவசரப்படாதக்கா. மணியை நான் பாத்துக்குறேன்.

— மணியை மட்டும்.

— நான் ஒண்ணுமே பண்ணலையா? காத்து மெத்தை அனுப்பினேன். பிரஷர் பாக்குற மெஷின் அனுப்பினேன். தானா எரியுற விளக்கு அனுப்பினேன்.

— எல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துச்சு. அந்தப் பெட்டியிலயே உன்னையும் உள்ள வெச்சு ஒட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு ராத்திரி பஸ்தானே.

— அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்.

— உன் அடுத்த மாசம் எந்தக் காலண்டர்ல வருது?

— என்னை என்ன பண்ணச் சொல்ற? அந்த அம்மா, ஒரு தெருவுக்குக் கேக்குற மாதிரி என்னைக் கூப்பிட்டவங்க. இப்ப வாயைத் திறந்து திறந்து மூடுறதைப் பாக்க எனக்குத் தைரியம் வரலை. போதுமா?

— எனக்கு மட்டும் தைரியம் வந்தா பாக்குறேன்? சரி விடு. மணிக்கு வா.

— மணிக்கு வரேன். சொல்றதைக் கேளு, சிம்பிள். பட்டனுக்கும் மணிக்கும் நடுவுல ஒயர் கிடையாது. பட்டனை அழுத்தினா அது காத்துல ஒரு நம்பரைக் கத்தும், நம்ம காதுக்குக் கேக்காது. மணி எப்பவும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். தன் நம்பர் வந்தா உடனே குருவி. யாரு கத்தினது, எந்தத் திசையில இருந்து வந்துச்சு, அதெல்லாம் அதுக்குத் தெரியாது. நம்பர் சரியா இருக்கா, அவ்வளவுதான்.

— அம்மா பட்டன்தான் செத்துக் கிடந்துச்சே.

— அப்ப வேற ஒரு பட்டன் அதே நம்பரைக் கத்துது. மலிவு மணியில பெட்டி பெட்டியா ஒரே நம்பரைப் போட்டு அனுப்பிடுவாங்க. வாங்குறவங்கதான் மாத்திக்கணும். உள்ள அரிசி அளவுல குட்டிக் குட்டியா சுவிட்ச் வரிசை இருக்கும், யாரும் திறந்து பாக்குறதில்லை. அந்த நம்பர் சுவர், தரை எல்லாம் தாண்டிப் போகும். உன் கட்டடத்துல வேற யாராவது...

— இரு. அடிக்குது. இப்ப அடிக்குதுடா, பட்டப்பகல்ல.

— அம்மா எங்க?

— என் எதிர்ல. சாய்ஞ்சு உக்காந்திருக்காங்க, கை மடியில இருக்கு. அவங்களும் மணிச் சத்தம் வர்ற பக்கந்தான் பாக்குறாங்க. என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கடா. பாத்தியா, நான் இல்லைன்னு.

— போனை வெக்காத. கீழே இறங்கு. யாரு எழுந்து ஓடுறாங்கன்னு பாரு.

— கீழ்வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கு. என்னங்க, உள்ள இருக்கீங்களா?

— யாரு, மேல்வீட்டம்மாவா? ஒரு நிமிஷம் தாயே, மாமியாரைத் திருப்பிப் படுக்க வெச்சுட்டு வந்துடுறேன். ஆங், வந்துட்டேன். உக்காருங்க. என்ன, போனைக் கையில புடிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க?

— என் தம்பி, ஸ்பீக்கர்ல இருக்கான். உங்க மாமியார் இப்ப மணி அடிச்சாங்களா?

— அடிச்சாங்க. அவங்களுக்கு வேற என்ன தாயே வேலை? இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்ததுலேர்ந்து அந்தப் பட்டன்தான் செங்கோல். மருந்துக்கடைக்காரர், மேல்வீட்டுக்கும் இதைத்தான் குடுத்தேன்னு சொல்லி என் தலையில கட்டினார். ஏன், சத்தம் மேல வரைக்கும் கேக்குதா?

— சத்தம் இல்லைங்க. உங்க பட்டனை அழுத்தினா எங்க மணி அடிக்குது.

— இதென்ன கூத்து!

— கீழ்வீட்டக்கா, நான் சொல்றேன். ஒரே நம்பர்னா ரெண்டு பக்கமும் வேலை செய்யும். எங்கம்மா அழுத்தினப்ப உங்க வீட்டுலயும் அடிச்சிருக்கணுமே?

— அடிச்சிருக்கணுமாவா? தம்பி, நான் எழுந்து எழுந்து ஓடுறேன், மாமியார் கல்லு மாதிரி தூங்குறாங்க. என்னைப் படுத்துறதுக்குன்னே அடிச்சுட்டு நடிக்கிறாங்கன்னு சண்டை போட்டேன். சத்தியமா நான் இல்லைடின்னு அழுதாங்க. மாமியார் அழுதா மருமக நம்புவாளா? ஒரு ராத்திரி பட்டனைப் புடுங்கிப் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். அன்னிக்கும் அடிச்சுது. பேய்னு நெனச்சுப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்.

— அது எங்கம்மா.

— பாவம். என்னத்துக்குக் கூப்பிட்டாங்களோ.

— உங்க வீட்டுக்காரர் ராத்திரி இருக்கமாட்டாரா?

— லாரிங்க. எப்பவாச்சும் வருவார். வந்ததும் தூங்குவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவரும் முழிச்சு முழிச்சுத்தான் ஓட்டிட்டு வர்றார். ஒண்ணு சொல்லவா தாயே? நான் எழுந்திருக்கிறப்பெல்லாம் மேல காலடிச் சத்தம் கேக்கும். இந்தக் கட்டடத்துல என்னை மாதிரி இன்னொருத்தி முழிச்சிருக்கான்னு அதுல ஒரு தெம்பு. மேல ஏறி வந்து பேசலாமான்னு இருக்கும். அந்த நேரத்துல யாரு வீட்டுக் கதவைத் தட்டுறது?

— எனக்குக் கீழே குழாய் திறக்கிற சத்தம் கேக்கும். குழாய் நின்னதும் என்னமோ மாதிரி ஆயிடும்.

— அப்ப நம்ம ரெண்டு பேரையும் எழுப்பினது ஒரே மணி.

— அக்கா, பேசினது போதும். ஸ்க்ரூ டிரைவர் எடு. பட்டனோட பின்பக்க மூடியைத் திறந்து, சுவிட்ச் வரிசையில ஏதாவது ஒண்ணை மேல தள்ளு. மணியிலயும் அதே சுவிட்சைத் தள்ளு. நம்பர் மாறிடும். அப்புறம் அவங்க மணி அவங்களுக்கு, உன் மணி உனக்கு.

— இருடா. அப்புறம் பேசுறேன்.

— சொன்னது புரிஞ்சுதா இல்லையா?

— புரிஞ்சுது. அதான் யோசிக்கிறேன்.

*

— என்னக்கா, போனே காணோம்? இல்லத்துக்குப் பதில் சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். கட்டிலை வேற யாருக்காவது குடுங்கன்னு.

— பாத்தியா. சுவிட்சை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு நான் சொன்னேன்ல.

— மாத்தலை.

— மாத்தலையா? அப்ப கீழ்வீட்டு மணி இன்னும் உனக்கு அடிக்குமே.

— அடிக்கும். அதனாலதான் நேத்து ராத்திரி நான் தூங்கினேன். வெயில் முகத்துல அடிச்சப்பதான் எழுந்தேன். எந்த வீட்டுல படுத்திருக்கேன்னே கொஞ்ச நேரம் புரியலை.

— எனக்கு இப்பவும் புரியலை.

— இன்னிக்கு நீ கேளு, நான் சொல்றேன். யாரு அழுத்தினாலும் ரெண்டு மணியும் அடிக்கும். அப்ப ரெண்டு பேரும் எதுக்கு முழிக்கணும்? ஒத்தைப்படைத் தேதி கீழ்வீட்டம்மா முறை. ரெட்டைப்படைத் தேதி என் முறை. படுக்கப் போற தேதிதான் கணக்கு. முறை இல்லாதவ மணியை பிளக்லேர்ந்து புடுங்கி வெச்சுட்டுத் தூங்கிடணும். வீட்டுச் சாவியை மாத்திக்கிட்டோம்.

— எந்த வீட்டுலேர்ந்து அடிக்குதுன்னு எப்படித் தெரியும்? அது மணிக்கே தெரியாதே.

— அம்மா ஒரு தடவை அழுத்துவாங்க, கீழ்வீட்டுப் பெரியம்மா, அதான் அவங்க மாமியார், ரெண்டு தடவை. முதல் நாளே பெரியம்மா விடாம அழுத்திட்டாங்க. கணக்கு மறந்துபோச்சு, குறையக் கூடாதேன்னு கொஞ்சம் கூடவே போட்டேன்னாங்க. அதனால ஒண்ணுக்கு மேல எத்தனை அடிச்சாலும் கீழ்வீடு.

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுத்தினா?

— ரெண்டு வீட்டையும் பாத்துட்டு வந்தா போச்சு. நடுவுல ஒரு மாடிப்படிதானே.

— அம்மா வேத்து ஆளை விட்டாங்களா?

— முதல் தடவை நான் இல்லாம அவங்க வந்து நின்னதும் அம்மா மிரண்டுட்டாங்களாம். உங்க பொண்ணு தூங்குது, இன்னிக்கு நான் இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? இடது கையைத் தூக்கி வாய் மேல விரலை வெச்சாங்களாம். சத்தம் போடாத, அவ தூங்கட்டும்னு. அப்புறம் பட்டனைக் கைக்குள்ள வெச்சு மூடிக்கிட்டுத் தூங்கியிருக்காங்க. காலையில நான் போனப்பவும் கை மூடித்தான் இருந்துச்சு.

— அக்கா.

— சொல்லு.

— நல்ல வழிதான். எனக்குத் தோணலை. ஆனா சோதிச்சுப் பாக்காம நாங்க லிஃப்டுல ஆளை ஏத்த மாட்டோம். இதுல ஒரு ஓட்டை இருக்கு.

— எங்க?

— மாசக் கடைசியில. முப்பத்தொண்ணு ஒத்தை. மறுநாள் ஒண்ணாந்தேதி, அதுவும் ஒத்தை. அவங்களுக்கு ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்ல வரும். ஒரு ராத்திரி முழிச்சவங்களை மறுநாளும் முழிக்கச் சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

— தெரியும். காலண்டரைப் பாத்து அவங்களே சொன்னாங்க.

— லீப் வருஷத்துல பிப்ரவரியிலயும் வரும்.

— அது நாலு வருஷத்துக்கு ஒருக்கா. அதை நாங்க பாத்துக்குறோம்.

— சரி, முப்பத்தொண்ணுக்கு என்ன வழி பண்ணியிருக்கீங்க?

— சிம்பிள்டா. முப்பத்தொண்ணு வர்ற மாசமெல்லாம் அந்த ராத்திரி உன் முறை. நம்ம வீட்டுச் சாவி கீழ்வீட்டுல இருக்கும், ஒண்ணு அடிச்சா அம்மா, அதுக்கு மேல அடிச்சா பெரியம்மா.