சம்பா மாவு

“நாலு மாசமா அவரை ஏமாத்திட்டு இருக்கேன் மக்கா.”

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. பேசியவருக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பையை அணைத்துப் பிடித்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

“ஐயோ, அண்ணனையா? என்ன அக்கா இது?” என்றாள் அவர் பக்கத்திலிருந்த இளையவள்.

“சுகருக்கு அரிசிப் புட்டு ஆகாதுண்ணு டாக்டர் சொல்லியாச்சு. இவருக்குப் புட்டு இல்லாம விடியாது. நான் சம்பா அரிசிண்ணு சொல்லி கேப்பை மாவுல அவிச்சுக் குடுத்தேன். பழத்துக்குப் பதிலா சிறுபயறு.”

“கண்டுபிடிக்கல்லியா?”

“தேங்காயில கை வச்சாத்தான் கண்டுபிடிப்பாரு. அதை மட்டும் நான் தொடல்ல. இப்ப சுகரும் குறைஞ்சிட்டு.”

“பின்னே என்ன கவலை?”

“நேத்து அவரோட அக்கா வீட்டுக்குப் போனாரு. ஒரு வாரம் அங்கதான். அங்க வெள்ளைப் புட்டும் பழமும் ஆக்கும். அதான் மாவோட போறேன். அவளுட்ட என்ன சொல்லிக் குடுக்கதுண்ணுதான் தெரியல்ல.”

அவருடைய போன் அடித்தது. பஸ் இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏட்டி, பஸ் ஏறிட்டியா?” கணவரின் குரல்.

“ஏறிட்டேன்.”

“கேப்பை மாவு எடுத்தியா?”

அவர் குனிந்து மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

“அக்கா கேட்டா சம்பா மாவுண்ணு சொல்லு, கேட்டியா? அவ புட்டு எனக்கு இறங்கல்லண்ணு தெரிஞ்சா வருத்தப்படுவா.”