வலப்பக்கத்து இருக்கை

காலையில் எழுந்ததும் முதலில் மோட்டார் போடுகிறேன். தொட்டி நிரம்பும் சத்தம் மாறியதும் அணைக்கிறேன். பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் கலந்து குடித்து, டம்ளரை அப்போதே கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். முன்பெல்லாம் தொட்டி நிரம்புவதற்குள் மேதா உள்ளேயிருந்து சொல்லிவிடுவாள்: "அர்விந்த், மோட்டார்." இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன். ஒரு தடவைகூட வழிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அப்பா ஜம்புநாதன் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து மெட்ரோவில் வருவார். மயூர் விஹாரில் இறங்கி, மூச்சு வாங்க மாடியேறி உட்கார்ந்ததும் ஒரே கேள்வி கேட்பார். நான் சொல்லிவரும் பதில் பொய். அதைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

எங்களிடம் இருந்த கார் அவருடையது. வியட்நாம் யுத்தம் முடிந்த சமயத்தில் சைகோனில் நம் அரசு அலுவலகம் ஒன்றில் இளம் குமாஸ்தாவாக இருந்தார். அமெரிக்கர்கள் அவசரமாகக் கிளம்பிப் போக, அவர்களுடைய கார்கள் தெருவோரங்களில் நின்றனவாம், சில சாவியோடு. பெட்டி கிடைக்காமல் தவித்த பக்கத்து வீட்டு அமெரிக்காக்காரன் இவருடைய டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு தன் பிளிமத் காரைக் கொடுத்துவிட்டான். அதை எப்படியோ கப்பலேற்றி டெல்லிவரை கொண்டுவந்தார். எங்கள் கல்யாணத்தில் சாவியை என் கையில் வைத்தார்.

"அமெரிக்காக்காரன் விட்டுட்டுப் போனதை நான் எடுத்துண்டேன். நான் விட்டுட்டுப் போறதை நீங்க எடுத்துக்கோங்கோ, மாப்பிள்ளை. காரு, பொண்ணு, ரெண்டுக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். மேதாவும்.

அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். நம் சாலையில் முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்து, "போலாம்" என்றோ "இரு" என்றோ சொல்லவேண்டும். சிறுமியாக இருந்தபோதே அப்பாவுக்காக மேதா அந்த இருக்கையில் உட்கார்ந்தவள். சந்தேகம் வந்தால் "இரு"தான் என்று அவர் பழக்கியிருந்தார்.

மோதி பாக் மெக்கானிக் ஒரு சின்னக் கேமரா பொருத்தித் தருவதாகச் சொன்னான்.

"கேமரா எதுக்கு பையா? நான் இருக்கேனே. இவன் வெறும் காலு, கண்ணு நான்தான்" என்றாள் அவள். விருந்துகளிலும் இதைச் சொல்வாள். நானும் தலையாட்டுவேன்.

அவள் கெட்டவள் இல்லை. அவள் தவறியதே இல்லை, அவ்வளவுதான். குருகிராம் வேலையை ஏற்கச் சொன்னாள், ஏற்றேன், நன்றாக அமைந்தது. என் நண்பன் ஒருவனை நம்பாதே என்றாள், அதுவும் சரியாயிற்று. சரியாகவே சொல்லும் ஒருத்தியோடு இருப்பதில் ஒரு களைப்பு உண்டு. அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்ல முடியாது.

அன்று டெல்லிக்கு வெளியே பாக்பத் பக்கம் பழைய கார்களின் கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மூடுபனி இல்லை, நல்ல வெயில். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், சாலையை அடைத்துக்கொண்டு போனது. அவள் எட்டிப் பார்த்து "இரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "இரு". எங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை. நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

அவளுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு தடவை அவள் சொன்னது தப்பாகவேண்டும், அந்தச் சாலை காலியாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். காலியாக இல்லை. பால் டாங்கரைப் பார்த்ததும் நான் இடப்பக்கம் திருப்பினேன். அதனால் என் பக்கம் தப்பியது. அந்தக் காரில் பெல்ட் கிடையாது. பிடித்துக்கொள்ள எனக்கு ஸ்டியரிங் இருந்தது.

போலீஸ்காரர் கேட்டபோது, அவள் "போலாம்" என்றதாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மாமனாரால்தான் அதை நம்ப முடியவில்லை. "நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. போலாம்னுதான் சொன்னாளா?" ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். ஆமாம் மாமா என்பேன். போன வாரமும் கேட்டார். "அப்போ நான் சொல்லிக்குடுத்ததுதான் சரியில்லே. குழந்தை என்ன பண்ணுவா" என்றார்.

மெட்ரோவரை கொண்டுவிடப் போனேன். சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ. என் கண்ணை நான் நம்பறதில்லே இப்போல்லாம்."

"போலாம் மாமா" என்றேன். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தார். ஒரு ஆட்டோ பிரேக் போட்டு, திட்டிவிட்டுப் போனது. அவர் என்னைக் கேள்வி கேட்கவில்லை. என் பேச்சை ஒருவர் அப்படி நம்பி இறங்கியது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிறு அவர் வரும்போது அவரிடமும் சொல்வேன்.

அன்று காரில் அவள் பதறவில்லை. டிராக்டரைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, என் முழங்கையில் லேசாகக் கைவைத்துச் சொன்னாள். எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"இரு, டாங்கர் ஒண்ணு வரது. அது போனதும் சொல்றேன்."