கழலாத நட்டு

மனைவி: ...திரும்பிப் படுத்துக்கிட்டா ஆச்சா? காலுக்குத்தானே மாவுக்கட்டு, வாய்க்குமா?

வேன்காரர்: வலிக்குதுடி.

மனைவி: வலிக்கட்டும். எங்கண்ணனைப் பார்த்துட்டு நேரா இங்கதான் வரேன். இன்னும் ஸ்டேஷன்லதான் வெச்சிருக்காங்க.

வேன்காரர்: மச்சான்... சாப்பிட்டாரா?

மனைவி: எங்க? கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். போன வாரம் உங்க வேனுக்கு பிரேக் வேலை பார்த்தானே, ஒவ்வொரு நட்டையும் மனசுக்குள்ள திரும்ப முறுக்கிப் பார்க்கிறானாம். “எதை விட்டேன்னே தெரியலம்மா”ங்கிறான்.

வேன்காரர்: அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடு.

மனைவி: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிரேக் பிடிக்கவே இல்லையா?

வேன்காரர்: எத்தனை தடவைதான் கேப்ப? மிதிச்சேன், பிடிக்கல. போலீஸ்கிட்டயும் அதேதான்—

மனைவி: அந்த டீச்சர் காலையில போயிட்டாங்க.

வேன்காரர்: யாரு... பள்ளிக்கூட வாசல்ல குறுக்க வந்தவங்களா?

மனைவி: குறுக்க வரல. கோடு போட்ட இடத்துலதான் கடந்தாங்க.

வேன்காரர்: நேத்து கண்ணு முழிச்சாங்கன்னியே!

மனைவி: முழிச்சாங்க. இப்ப இல்ல. இனிமே அண்ணனை விடமாட்டாங்களாம்.

வேன்காரர்: ஐயோ...

மனைவி: அழாதீங்க. பக்கத்துக் கட்டில்ல பார்க்கிறாங்க.

வேன்காரர்: மிதிக்கவே இல்லடி.

மனைவி: மெதுவா...

வேன்காரர்: பிரேக்ல காலே வைக்கல. கண்ணு ரோட்டுல இருந்தாத்தானே? போன்ல இருந்துச்சு.

மனைவி: தெரியும்.

வேன்காரர்: ஓட்டிக்கிட்டிருக்கேன், வண்டி நிறைய பிள்ளைங்க, அப்புறம் பேசறேன்னு வெச்சேனே...

மனைவி: வெச்சீங்க. நான்தான் விடாம திரும்ப வீடியோ கால் போட்டேன். பாப்பா மூணடி எடுத்து வெச்சிட்டா, இப்பப் பார்க்கலேன்னா நீங்கள்லாம் ஒரு அப்பாவான்னு கேலி பண்ணினேன். நீங்களும் சிரிச்சீங்க. அப்புறம்... கண்ணாடி நொறுங்கின சத்தம் வரைக்கும் கேட்டேன்.

வேன்காரர்: போலீஸ் போனைப் பார்த்தா?

மனைவி: உங்களுதுதான் தூள்தூளாயிடுச்சே. என்னுதுல அழிச்சிட்டேன்.

வேன்காரர்: பாவி... என்னை விடு. மச்சான்கிட்டயாவது, “உன் மேல தப்பில்லண்ணா”ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!

மனைவி: சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “உன் புருஷன் காலையும் நான்தானே உடைச்சேன், மன்னிச்சிடும்மா”ன்னு அழுதான்.

வேன்காரர்: நீ... என்ன சொன்ன?

மனைவி: மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்.