ஓக் மரத்துக்கு வயது ஆயிரம்

தேநீருக்கு நன்றி, மேடம். சாறு இறங்குவதற்கு முன்பே உங்கள் கான்ஸ்டபிள் பாலை ஊற்றிவிட்டார். பரவாயில்லை, அதைப் பற்றிப் புகார் சொல்ல நான் வரவில்லை. பிரையர் காட்டு ஓக் மரத்தைத் திங்கள்கிழமை வெட்டப் போகிறார்களே, அதைப் பற்றிப் பேச வந்தேன். வெட்டக் கூடாது. டெனிஸ் பிம் இறந்ததில் அந்த மரத்தின் மேல் தப்பு கிடையாது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெவில் கார்ஸ்டாங். பிரையர் காட்டு நண்பர்கள் சங்கத் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தேர்தலன்று மற்றவர்கள் எல்லாம் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் புளூபெல் பூக்கும் ஞாயிறன்று வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் நடத்திப் போவது என் வேலை. காட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் எனக்கு ஹார்ன்பீம் மரத்துக்கும் பீச் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. என்னிடம் இருந்தது குரல் மட்டும்தான்.

நான் வீட்டுத் தரகனாக இருந்தவன். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையை ‘அடக்கமான அறை’ என்று விற்றவன். முதல் வருஷம் ஒரு பெண்மணி ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்து, இதற்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் பழக்கதோஷத்தில் ஆயிரம் என்றது. அந்தம்மாள் கையிலிருந்த சாண்ட்விச்சை இறக்கிவிட்டு மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் வீடு விற்றதில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அந்த மரத்தடியில் ஒரு ராஜா ஒளிந்திருந்தார். அதற்கடுத்த வருஷம் அவருக்குக் காயம்கூடப் பட்டிருந்தது.

கடைசியில் எல்லோரும் கைதட்டுவார்கள். நம் ஆட்கள் தட்டுவது எப்படி என்று தெரியுமே, கையுறையைக் கழற்றாமல், மழைக்குப் பயந்த மாதிரி. எனக்கு அது போதும். மனைவி ஈனிட் போன பிறகு வீட்டில் கெட்டில் சத்தம் மட்டும்தான். வருஷத்தில் ஒரு நாள் கைதட்டல் கேட்டால் மற்ற நாட்களை ஓட்டிவிடலாம். மரத்தடியில் அவள் பேரில் ஒரு பெஞ்ச் போட்டேன். சத்தியமாக அவள் நினைவுக்காகத்தான். அதில் ஏறி நின்றால் கூட்டத்துக்கு என் குரல் நன்றாகக் கேட்கும் என்பது பிறகு தெரிந்தது.

டெனிஸ் பிம் ஊருக்குக் குடிவந்தது இரண்டு வருஷம் முன்பு. ஓய்வு பெற்ற பல் டாக்டர். நல்லவர். வெறும் சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஆள். போன மே மாதம் நான் பெஞ்சின் மேல் நின்று, காயம்பட்ட ராஜாவுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் கை தூக்கினார்.

“நெவில், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்லேர்ந்து ஒரு டேப் கொண்டு வந்திருக்கேன். சுற்றளவை அளந்து வயசு பார்த்துடலாமா?”

மறுக்க முடியுமா? ஐம்பது பேர் நிற்கிறார்கள். டேப்பின் ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன், மேடம், கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி. அவர் மரத்தைச் சுற்றி வந்து, மனதுக்குள் ஏதோ பெருக்கி, மெதுவாகச் சொன்னார்.

“முந்நூத்தி நாப்பது இருக்கும். கொஞ்சம் தாராளமா போட்டா முந்நூத்தி அறுபது.”

அப்புறம் அவரே மரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எந்தப் பூச்சி எந்தப் பட்டையில் குடியிருக்கிறது, மட்கிய கிளைக்குள் எந்த வண்டு வளர்கிறது என்று எல்லாம் சொன்னார். அன்றைக்குக் கைதட்டலின்போது சிலர் கையுறையைக் கழற்றினார்கள். அதை நான் பார்த்தேன்.

சாயந்திரம் ஊர் பப் நடத்தும் ரோலண்ட் எனக்குப் பீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மிஸ்டர் ஆயிரம், பைண்ட் சரியா இருக்கா? டாக்டரைக் கூப்பிட்டு அளந்துடலாமா?” என்றார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் நடத்திப் போகும் வேலையை டெனிஸிடம் கொடுத்துவிடலாமே என்று சங்கத்தில் பேச்சு வந்தது. டெனிஸ் வேண்டாம் என்றார். “நெவில் மனசு கஷ்டப்படும்” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் மாதம் மரம் பார்க்கிற கிரெய்க் வந்தான். பெஞ்சுக்கு நேர் மேலே இருக்கும் பெரிய கிளையைத் தட்டிப் பார்த்தான். உள்ளே செத்துப்போச்சு, வெயில் காலத்தில் காற்றே இல்லாத ஒரு மத்தியானம் பொத்தென்று விழும், வெட்ட இலையுதிர் காலத்தில்தான் ஆள் கிடைக்கும், அதுவரை யாரையும் கீழே விடாதீங்க என்றான். பெஞ்சைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினான். தலைவர் என்பதால் அவன் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னான். தலைவர் பதவியின் ஒரே சலுகை.

புதன்கிழமைகளில் டெனிஸ் தனியாக வந்து முள்புதர் வெட்டுவார். வெட்டி முடித்துச் சாப்பிட உட்கார இடம் வேண்டுமல்லவா? ஈனிட்டின் பெஞ்சில் உட்காருங்கள், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றேன். கயிறு கட்டியிருக்கே என்றார்.

“அது இன்ஷூரன்ஸ் சமாச்சாரம், டெனிஸ். ஞாயித்துக்கிழமை வர்ற ஜனங்களுக்கு. நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு இல்ல.”

“இருந்தாலும் கயிறுன்னா கயிறுதான், நெவில். தாண்ட மாட்டேன்.”

அதனால் புதன்கிழமைகளில் நானே போய்க் கயிற்றை அவிழ்த்து வைப்பேன். அவர் வீட்டுக்குப் போனதும் திரும்பக் கட்டுவேன். கடை திறந்து கடை மூடுகிற மாதிரி. எதிரே ஹாலி புதருக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை, மேடம். கொலை செய்வதற்குக்கூட ஒரு மரத்தை நம்பி உட்கார்ந்திருந்த சோம்பேறி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு புதன்கிழமை தும்மிவிட்டேன். டெனிஸ் என்னைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். பறவை பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் மனைவி மார்ஜரி எனக்கும் சேர்த்து எலுமிச்சை கேக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை. இலை அசையவில்லை. புறாகூடக் கத்தவில்லை. கிரெய்க் சொன்ன மாதிரியேதான் நடந்தது. கெட்டிக்காரப் பையன்.

புழுதி அடங்கியதும் பக்கத்தில் போனேன். கிளை அவரை இடுப்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“நல்ல வேளை, நெவில். நீங்க இருந்தீங்க. போன் பண்ணுங்க.”

போன் என் பையில் இருந்தது. நான் நாற்காலியைக் கொண்டு வந்து அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். மரத்துக்கு என்ன வயது டெனிஸ் என்று கேட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. மயக்கம் வராமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறேன் என்று நினைத்து, முந்நூத்தி என்று ஆரம்பித்தார். நான் தலையாட்டவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்த மனிதர், புரிந்துகொண்டார்.

“ஆயிரம். ஆயிரம்தான், நெவில். எல்லார்கிட்டயும் சொல்றேன். போன் பண்ணுங்க.”

நன்றி சொன்னேன். பிறகு கயிறு கட்டப் போனேன். எனக்கு முடிச்சுப் போட வராது, மேடம், சாரணர் படையிலேயே துரத்திவிட்டார்கள். நாலு கம்பிலும் கட்டுவதற்கு நேரமாகிவிட்டது. முதல் கம்பு வரை அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலாவது கம்பில் முடிச்சுப் போட்டபோது காடு அமைதியாக இருந்தது. அப்புறம் போன் செய்தேன். கேக் டப்பாவைக் கழுவித் துடைத்துத்தான் மார்ஜரியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

விசாரணையில் விபத்து என்று சொல்லிவிட்டார்கள். பாவம், கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். மார்ஜரி மட்டும் எழுந்து, “என் புருஷன் கயித்தைத் தாண்ட மாட்டார்” என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். யாரோ அவளை மெதுவாக உட்கார வைத்தார்கள். யாரோ என்ன, நான்தான். கை பிடித்து உட்கார வைத்தேன். சவ அடக்கத்தன்று சர்ச்சில் நான்தான் பேசினேன். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கவுன்சில்காரர்கள் கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். டெனிஸ் பிம் மாதிரி ஒழுங்கான மனிதரே கயிற்றைத் தாண்டினார் என்றால், கயிறு எதற்கும் உதவாது. ஆகவே மரத்தை வெட்டிவிட வேண்டியதுதான். என் முடிச்சுகளை நம்பி மரத்துக்குத் தூக்குத்தண்டனை கொடுத்துவிட்டார்கள். இப்போது புரிகிறதா நான் ஏன் வந்தேன் என்று? அவர் தாண்டவில்லை. அங்கே கயிறே இல்லை. நான் அவிழ்த்திருந்தேன். இதைக் கவுன்சிலுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. ஒரு மரத்துக்காக ஒரு மனிதன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேகமாக டைப் செய்கிறீர்கள், மேடம். எல்லாம் சரியாக இருக்கிறது. கயிறு, கேக், போன், எதையும் விடவில்லை. ஒரே ஒரு இடம். இரண்டாவது வரியில் ‘சுமார் முந்நூற்று நாற்பது வயதுடைய ஓக் மரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிட்டு ஆயிரம் என்று போடுங்கள். டெனிஸே கடைசியில் ஒப்புக்கொண்டாரே. அதை மாற்றாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.