சாட்சி வேண்டாமாம்

ஜெலுத்தோங்கிலிருந்து டவுனுக்குப் போகும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் பட்டுப் புடவை கட்டிய ஓர் அக்கா, பக்கத்திலிருந்த தோழியிடம் அலுத்துக்கொண்டார்.

"அந்தத் திருடன நான் பார்த்தே இருக்கக் கூடாது, மாலா."

பாசார் சந்தை வாசலில் ஒரு சீன ஆன்ட்டியின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவன் அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அதைப் பார்த்தவர் இந்த அக்கா. இன்று கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

"பயமா இருக்கா, அக்கா?"

"இல்லாமலா? நாளைக்கு வெளிய வந்து என்னைத் தேடுனான்னா? லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் வேற மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டான். நமக்கு எதுக்கு லா இந்த வம்பு?"

"அப்புறம் எதுக்குப் பட்டுப் புடவை?"

"கோர்ட்டு லா. நாலு பேரு பார்ப்பாங்க. 'இவன்தான் துவான்'னு ஜட்ஜுகிட்ட நல்லா கையை நீட்டிக் காட்டணும். வீட்டுக்காரரத் திருடனா நிக்க வச்சி ஒரு வாரமாப் பழகிட்டேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"தலையக் குனிஞ்சி நல்லாத்தான் நின்னாரு."

அப்போது அக்காவின் கைப்பேசி ஒலித்தது. மலாயில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"யாருக்கா?"

"போலீஸ்காரரு. அவன் குத்தத்த ஒத்துக்கிட்டானாம். சாட்சி வேணாமாம், வரவேண்டாம்னு சொல்றாரு."

"நல்லதுதானே. ஆன்ட்டிக்கு நியாயம் கிடைச்சிருச்சி. உங்களுக்கும் பயமில்ல."

அக்கா முந்தானையை மடியில் நீவிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை மாசமா இல்லவே இல்லைன்னு சாதிச்சவன். இன்னிக்குன்னு பார்த்து அவனுக்கு மனசாட்சி வந்துருச்சி பாரு."